ஊர்க்கூட்டம் தலைவரை முடிவு செய்துவிட்டால், நாங்கள் தனியாக ஒருவரை நிறுத்துவது தவறா?

வடகடல்23 எழுதியது:

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. பெயரை எழுதினால் இங்கே பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். எனக்கு வயது 23. டிப்ளமோ முடித்து, திருப்பூரில் ஒன்றரை ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஊரில் 11 பேர் சேர்ந்திருக்கிறோம், அவர்களில் 4 பேர் பெண்கள். வலைக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதில்தான் இது தொடங்கியது.

போன கோடையில் எங்கள் தெருவுக்கு 19 நாள் குடிநீர் வரவில்லை. எந்தத் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வந்தது, ஒரு குடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசியவர் எங்களில் ஒருவரல்ல. வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலைக்குப் போகும் ஓர் அத்தை எழுந்து நின்று, தெருத்தெருவாகக் கணக்குச் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காரவும் மறுத்துவிட்டார். அன்றே எங்களுக்குத் தோன்றிவிட்டது, ஊராட்சித் தலைவராக வேண்டியவர் இவர்தான் என்று. அத்தையும் சம்மதித்துவிட்டார்.

ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலரிடம் பொறுப்பு போனது. அடுத்த தேர்தலுக்கான பேச்சு ஊரில் இப்போதே நடக்கிறது. சென்ற முறை கோயில் திருப்பணிக்கு அதிகப் பணம் தருகிறவருக்கே பதவி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து, வேறு யாரும் மனு போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் அதே பேச்சுதான்.

நாங்கள் மனு போட்டால் ஊரைப் பிரிக்கிறோம் என்பார்கள். கையில் பணமும் இல்லை. ஒரு கட்சிக்காரர் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். 11 பேரால் என்ன செய்ய முடியும்? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிக்காரி மகள் எழுதியது:

தம்பி, நான் பாம்பன் பக்கம். அம்மா இன்றும் கடல்பாசி எடுக்கப் போகிறார். 2019 டிசம்பரில் என் சித்தி தலைவர் பதவிக்கு நின்றார். எனக்கு அப்போது 20 வயது. பூட்டு சாவிச் சின்னத்தை ஒரு அட்டையில் ஒட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். 31 ஓட்டில் தோற்றோம். அந்த 31 எப்படிப் போனது என்று ஆறு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

நாங்கள் வேலையைத் தொடங்கியது மனுத்தாக்கல் செய்த பிறகு. அதுதான் முதல் தவறு. வீடு வீடாகப் போனபோது வடக்குத் தெருவில் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார், "ஓட்டுக்கு வந்தாயா, என்னைப் பார்க்க வந்தாயா?" எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தண்ணீர் நோட்டு எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை. அந்த நோட்டை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, வாக்காளர் பட்டியல். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் கிடையாது, சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் வார்டு வார்டாகப் பிரிப்பார்கள். வாக்குப்பதிவு அன்று காலையில் 'என் பெயர் இல்லை' என்று அழுதுகொண்டு திரும்பிய பெண்களை நான் பார்த்தேன். பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். அவர்கள் பெயர் பிறந்த ஊரிலேயே கிடந்தது. இடம் மாறியதற்கான படிவம் கொடுத்திருந்தால் மாறியிருக்கும் (இப்போது அது படிவம் 8), 18 நிரம்பியவர்கள் படிவம் 6 கொடுத்திருந்தால் சேர்ந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயரை வாசித்துக் காட்டுங்கள். அத்தைக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்கிற வீட்டிலும் வாசியுங்கள். அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் விடுபட்டிருந்தால் அதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போகும் நேரம் தெரிந்து போக வேண்டும். எங்கள் தீவில் திங்கள், புதன், சனி விசைப்படகு போகும் நாள், மற்ற நாட்களில் நாட்டுப்படகு. நாங்கள் நாள் பார்க்காமல் போய்ப் பாதி வீடுகளில் ஆண்களைப் பார்க்காமலே திரும்பினோம். டிசம்பரில் வாடைக்காற்று அடிக்கும். வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது பல குடும்பங்கள் வள்ளத்தைத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொண்டுபோய்த் தங்கித் தொழில் செய்வார்கள். உங்கள் பக்கத்திலிருந்து யார் எங்கே போய்த் தங்குகிறார்கள், ஓட்டுநாளுக்கு யார் திரும்புவார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். பெண்களைப் பார்க்க வீட்டைவிட நண்டுக் கூடமும் தண்ணீர்க் குழாயும் நல்ல இடம். அங்கே மாமியார் இருக்க மாட்டார், கணவர் இருக்க மாட்டார். மனதில் உள்ளதைச் சொல்வார்கள்.

11 பேரும் கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பேசுவதைக் குறைத்து, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். மறுபடியும் போகும்போது, 'போன முறை தெருவிளக்கைப் பற்றிச் சொன்னீர்களே' என்று தொடங்கினால் அந்த வீட்டில் உங்களை நம்புவார்கள்.

இனி அந்த 31. ஊரகத் தேர்தலில் ஒருவர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இயந்திரத்தில் பொத்தான் அழுத்திப் பழகிய கைக்கு முத்திரை பழக்கமில்லை. எண்ணிக்கையின்போது நான் முகவராக உட்கார்ந்திருந்தேன். எங்கள் சின்னத்தில் குத்திவிட்டு அடுத்த சின்னத்திலும் குத்திய சீட்டு, இரண்டு சின்னத்துக்கும் நடுவில் கோட்டின் மேல் குத்திய சீட்டு என்று 40க்கு மேல் செல்லாது என்று ஒதுக்கினார்கள். ஒவ்வொன்றையும் ஒதுக்கும்போது அது எந்தப் பாட்டியின் சீட்டாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் முன்னால் நான்கு நிறத் தாள் வாங்கி, கட்டம் போட்டு, மை தொட்டுக் குத்திப் பார்க்கச் சொல்லியிருந்தால் சித்தி தலைவராகியிருப்பார். செலவு 50 ரூபாய்கூட ஆகியிருக்காது.

கட்சி விஷயம். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சிப் போட்டி. கட்சியில் இருப்பது தவறில்லை, நானும் பிறகு ஓர் இயக்கத்தில் சேர்ந்தேன். ஆனால் வேட்பாளரின் செலவை ஒருவர் ஏற்றால், வென்ற பிறகு மணல் யாருக்கு, சாலை ஒப்பந்தம் யாருக்கு என்பதை அவர்தான் சொல்வார். வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தேர்தல் பணிக்குப் பல முறை போனவன் என்பதால் சில விவரங்களை மட்டும் சொல்கிறேன்.

பதவியை ஏலம் விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. 2019இல் மாநிலத் தேர்தல் ஆணையமே இதற்கு எச்சரிக்கை விடுத்தது. 21 வயது நிரம்பிய, பட்டியலில் பெயருள்ள எவரும், இட ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, மனு போடலாம். ஊர்க்கூட்டத்துக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அந்தத் தேர்தலில் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 300. தலைவர் வேட்பாளருக்கான செலவு வரம்பு 34,000 ரூபாய். அடுத்த அறிவிப்பு வரும்போது புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கைக் கொடுக்கத் தவறாதீர்கள்.

பாசிக்காரி மகள் சொன்ன நிறங்களோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுகள் இருந்தால் ஒரு வார்டுக்கு வெள்ளையும் மற்றதற்கு இளநீலமும் கொடுப்பார்கள். நான்கு சீட்டும் ஒரே பெட்டியில் விழும், பிறகு நிறம் பிரித்து எண்ணுவார்கள். எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டும். உங்கள் முகவர் பசியோடும் தூக்கத்தோடும் எழுந்து போய்விட்டால் சந்தேகச் சீட்டுக்குக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. மாற்றி உட்கார ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை யாரும் எழுதவில்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணம் எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அத்தை மட்டும் வென்று, வார்டுகள் எல்லாம் எதிரணிக்குப் போனால், துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தே அவரை முடக்கிவிடலாம். நேர்மையான பெண் தலைவர்களும் பட்டியல் சாதித் தலைவர்களும் தமிழ்நாட்டில் இப்படித் திணறியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 11 பேரில் 21 வயது ஆனவர்கள் வார்டுகளுக்கு நில்லுங்கள். வார்டு ஒன்றில் ஓட்டு சில நூறுதான், நடந்தே முடித்துவிடலாம்.

நாட்டுப்படகு எழுதியது:

எனக்கு 61 வயது. நானும் உங்கள் கடற்கரைதான், உங்கள் ஊர் அல்ல. பிள்ளைகள் எல்லாம் சட்டம் பேசுகிறீர்கள், சரி. ஊர் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன்.

என் தம்பியின் வள்ளம் ஒரு கச்சான் காற்றில் கவிழ்ந்தது. யாரும் கேட்காமல் எட்டு வள்ளம் இறங்கின. இரவு முழுவதும் தேடி, விடியற்காலையில் அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்த எட்டு வள்ளத்தையும் போகச் சொன்னது ஊர்க்கூட்டம். எந்த ஊராட்சித் தலைவரும் அல்ல. எண்ணெய்ச் செலவைக் கொடுத்ததும் ஊர்ப் பணம்தான். நீங்கள் ஊர் சொல்லைத் தள்ளி மனு போட்டால், பேச்சு வார்த்தை நின்றுபோகும். ஊர் விலக்கு என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் வலை இழுக்கக் கைகொடுக்க ஆள் வராது. அத்தை கூலிக்குப் போகிறவர். நாளை நண்டு கழற்ற அவரைக் கூப்பிடாமல் விட்டால் உங்கள் 11 பேரில் யார் சோறு போடுவீர்கள்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு பிறகு மனு போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலும் பதவியைப் பணத்துக்குக் கொடுத்தோம். நானும் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "ஊர் வரி எனக்கும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், என்னை யார் கேட்டீர்கள்?" கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. அவள் கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

அதனால் என் யோசனை, முதலில் ஊர்க்கூட்டத்துக்குப் போங்கள். ஒளித்து வைத்துக் கடைசி நாளில் மனு போட்டால் அது துரோகமாகத் தெரியும். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போட்டால் கோபம் இருக்கும், ஆனால் ஆறும்.

பாசிக்காரி மகள் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன எட்டு வள்ளத்துக்கு முன்னால் எனக்குப் பேச்சில்லை. எங்களுக்கும் ஊர் அப்படித்தான்.

ஆனால் தேடப் போக வேண்டிய கூட்டமும் பதவியை விற்கிற கூட்டமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் பக்கத்தில் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி பாசி எடுக்கும் பெண்களைச் சேர்த்து, தீவுகளுக்குப் போகும் உரிமைக்காகப் பேசினார். 2015இல் அவருக்குப் பன்னாட்டு விருது கிடைத்தது. எத்தனை நாள் கடலில் இறங்குவது என்று அந்தப் பெண்களே பேசித் தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பெண்கள் முடிவெடுத்ததால் ஊர் உடைந்துபோகவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து ஆண்டுகள் தேர்தலை முறையாக நடத்த விடாமல் வைத்திருந்தார்கள், பட்டியல் சாதித் தலைவர் வரக் கூடாது என்று. அதற்கும் 'ஊர் ஒற்றுமை' என்றுதான் பெயர் சொன்னார்கள். 2006இல் தேர்தல் நடந்தது.

அத்தையின் கூலி பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. என் சித்தியை இரண்டு மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை. தம்பி, இதற்கு இப்போதே ஒரு உண்டியல் வையுங்கள்.

வடகடல்23 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

வரும் வெள்ளிக்கிழமை படகு இறங்காத நாள், அன்றுதான் ஊர்க்கூட்டம். அத்தையும் இன்னும் 6 பெண்களும் போகிறார்கள். உள்ளே உட்கார விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வதாக முடிவு. நாங்கள் பின்னால் நிற்போம், பேச மாட்டோம். நாட்டுப்படகு ஐயா கேட்டதற்குப் பதில்: 11 பேரும் மாதம் 300 ரூபாய் போடுகிறோம், வேலை நின்றால் அது அத்தை வீட்டுக்குப் போகும். அவர் முதலில் மறுத்தார். கடன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லி ஒத்துக்கொண்டார். மூன்று வார்டுகளுக்கு எங்களில் மூவர் நிற்கிறோம், இருவர் பெண்கள். கட்சிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலை எடுத்துக்கொண்டு நேற்று கிழக்குத் தெருவில் மட்டும் நடந்தோம். 62 வீடு. 14 பெயர்கள் இல்லை, அதில் 9 கல்யாணமாகி வந்தவர்கள். படிவங்களை எடுத்துக்கொண்டு நாளை மறுபடியும் போகிறோம்.

தொண்டியில் நான்கு நிறத் தாளும் வாங்கிவிட்டேன். இளநீலம் சேர்த்து ஐந்து. அத்தை முதலில் குத்திப் பார்த்தார், முத்திரை கோட்டின் மேல் விழுந்தது. இன்னொரு தாள் கொடு என்றார்.