மனதுக்குள் அடக்கிவைத்தால் புற்றுநோய் வருமா?

காங்கேயத்தான்: என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மாமியார் கொடுமை, பெரியப்பாவின் குடி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு தோட்டத்துச் சாளையே கதியென்று கிடந்தவர். அடக்கிய துக்கம்தான் கட்டியானது என்பேன். 1975-இல் லண்டனில் கிரீரும் மோரிஸும் செய்த ஆய்விலும், நோய் கண்ட பெண்களிடம் கோபத்தை அளவுக்கு மீறி அடக்கும் வழக்கம் கூடுதலாகத் தென்பட்டது.

மஞ்சள்மண்டி: அது 160 பெண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, தம்பி. 2010-இல் பின்லாந்து, சுவீடன் நாடுகளில் ஏறத்தாழ 60,000 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். சுபாவத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு அகப்படவில்லை.

காங்கேயத்தான்: அதில் அளந்தது கலகலப்பையும் பதற்றத்தையும்தான். அடக்குவதை அளக்கவே இல்லையே, அண்ணா?

மஞ்சள்மண்டி: சரியான கேள்வி. ஆனால் 1999-இல் மார்பகப் புற்றுநோய் கண்ட 578 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், போராடும் குணம் ஆயுளைக் கூட்டவில்லை. அதை எழுதியவர்களில் உங்கள் கிரீரும் ஒருவர்!

காங்கேயத்தான்: அதே ஆய்வில், நம்பிக்கையிழந்தவர்களுக்கு நோய் திரும்பும், இறக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மஞ்சள்மண்டி: விடவில்லை. நம்பிக்கை இழப்பது வேறு, வாய்திறவாமல் இருப்பது வேறு. நலம் விசாரிக்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "மனசிலேயே வைத்து வைத்து வரவழைத்துக்கொண்டாயே" என்று நோயாளி முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நோயோடு பழியையும் அவர் சுமக்கவேண்டுமா?

பெருந்துறை நர்ஸ்: வலி நிவாரணப் பிரிவில் வேலை செய்கிறேன். கனடாவில் மார்பகப் புற்றுநோய் பரவிய 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதால் ஆயுள் நீளவில்லை. மன வேதனையும் வலியும் குறைந்தன. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் வலி எப்படி என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்பார்கள். அதை நம்பி மருந்தின் அளவைக் கூட்டாமல் விட்டுவிடுகிறோம்.

காங்கேயத்தான்: அப்படியானால் அடக்குவது கெடுதல்தானே, அக்கா?

பெருந்துறை நர்ஸ்: வலியை மறைப்பது கெடுதல். துக்கத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே நோயைக் கடந்துபோகிறவரைப் பிடித்து உட்காரவைத்து அழச் சொல்ல நான் யார்? பெரியம்மா இரவில் தூங்குகிறாரா?

காங்கேயத்தான்: இல்லை. டாக்டரிடம் சொல்லாதே என்கிறார். இருந்தாலும், அவர் பட்ட பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெருந்துறை நர்ஸ்: ஏற்கவேண்டாம். வலி எந்த இடத்தில், எந்த நேரத்தில் கூடுகிறது, பத்துக்கு எத்தனை என்று அவரையே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது, அவர் சம்மதத்தோடு டாக்டரிடம் கொடுங்கள்.