வண்டிப்பாளையம் வீட்டுத் தோட்டத்தில் பேர் தெரியாத நாலு மரம்: வெட்டுவதற்கு முன் கேட்கிறேன்

கேள்வி: வண்டிப்பாளையம் வீடு

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்கள் அப்பா கட்டின வீடு. எனக்குக் கல்யாணமாகி நெய்வேலி போய் 34 வருஷம் ஆகிறது. அம்மாவும் போன பிறகு மூணு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இந்தத் தையில்தான் நானும் வீட்டுக்காரரும் திரும்பி வந்தோம். பின்பக்கம் ஏழு சென்ட். தோட்டம் என்று பேர், உள்ளே நுழைய அரிவாள் வேண்டும். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் காட்டு மரம்மா, ஜேசிபி விட்டா அரை நாள்ல வழிச்சிடலாம்" என்றார். சித்திரை பிறந்ததும் பின்பக்கம் கழிவறை கட்டுகிற வேலை தொடங்கணும். எது என்ன என்று தெரியாமல் வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 1991 வாக்கில் அப்பா ஒரு பாதிரிக் கன்று வைத்தார். "பாதிரியால பேரு வந்த ஊரு இது. திருப்பாப்புலியூர்ல எத்தனை வீட்டுல பாதிரி இருக்கு, சொல்லு" என்று கேட்பார். திருப்பாதிரிப்புலியூரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அது முதல்முதலாகப் பூத்த வருஷம் போன் பண்ணி, "நாலு பூவைப் புதுப்பானைத் தண்ணியில போட்டு வெச்சிருக்கேன், வந்து ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்றார். பிள்ளைகளுக்குப் பரீட்சை. அந்தக் கோடையில் என்னால் வர முடியவில்லை. அப்புறம் வந்த நேரமெல்லாம் பூ இல்லாத நேரம். மரத்தை நின்று பார்த்த ஞாபகம்கூட எனக்கு இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் அடித்தது. பாதை சரியாகி நான் வந்து சேர்வதற்குள் பலா, மா எல்லாம் அறுத்து விறகாக அடுக்கியாகிவிட்டது. பாதிரி விழுந்ததா நின்றதா என்று அன்றைக்கு அப்பா முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

இனி மரங்கள். மேற்கு மூலையில் பெரிய மரம் ஒன்று. இலை விரித்த கை மாதிரி, ஒரே இடத்திலிருந்து ஏழெட்டு விரல். பக்கத்து வீட்டில் இலவம் பஞ்சு என்கிறார்கள், மேஸ்திரி ஏழிலைப்பாலை என்கிறார். மாசிக் கடைசியிலிருந்து சாயங்காலம் ஆனால் செப்டிக் டேங்க் பொங்கின நாற்றம். லாரி வரவழைத்து இரண்டு தடவை தொட்டியைக் காலி செய்தும் போகவில்லை. நேற்று அந்த மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மங்கின சிவப்புப் பூ ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அதே நாற்றம்.

இரண்டாவது, மாடியைத் தாண்டி நெட்டையாக நிற்கிறது. பட்டை தக்கை மாதிரி வெடித்திருக்கிறது. கார்த்திகையில் வெள்ளைப் பூ உதிர்ந்து தரையே தெரியாது, அப்படி ஒரு வாசனை என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். எனக்கு இதுதான் பாதிரி என்று தோன்றுகிறது. உங்களைக் கேட்பதே இதற்காகத்தான்.

வேலியோரம் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. குறுகலான நீள இலை, மஞ்சள் பூ, பச்சைக் காய். பேரன் வந்தால் அந்தக் காயைத்தான் உருட்டி விளையாடுகிறான்.

கிணற்றடியில் இடுப்பளவு புதர். கிணறு சுத்தம் செய்கிறவர் வருஷா வருஷம் அடியோடு வெட்டுவாராம், மழை பெய்ததும் மறுபடி முளைக்குமாம். இலை தொட்டால் சொரசொரப்பு, ஓரம் ரம்பம் மாதிரி. இது களைதான் என்று நினைக்கிறேன்.

கிணற்றுச் சுவர் இடுக்கில் வந்திருக்கிற அரசங்கன்றை எனக்கே தெரியும், அதை எடுத்துவிடுகிறேன்.

பதில்: செம்மண்காரன்

அம்மா, முதலில் வேலியோரத்துச் செடி. மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. இலையை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் மஞ்சள் அரளி. காய் லேசாக முக்கோணமாக இருக்கும், பழுத்தால் கறுக்கும், உள்ளே கெட்டியான கொட்டை. அரளி விதை என்று ஊரில் சொல்வது இதைத்தான். இதயத்தை நேராகத் தாக்குகிற விஷம். செடி முழுக்கவே விஷம்தான், விதையில் அதிகம். பேரன் வருவதற்கு முன்பே காயைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள். குழந்தை வாயில் வைத்தது என்று சந்தேகம் வந்தாலே கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காயையும் கையோடு கொண்டுபோங்கள். பால் வராமல், இலை பல சிற்றிலையாகப் பிரிந்து, காய் முருங்கைப் பிஞ்சு மாதிரி மெலிசாக இருந்தால் அது டெகோமா என்கிற அழகுச் செடி, பயமில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அரளியாகத்தான் தெரிகிறது.

நாற்ற மரம் குதிரைப்பிடுக்கு. பீநாறி என்றும் சொல்வார்கள், பேர் அப்படித்தான். தாவரப் பேர் ஸ்டெர்குலியா ஃபோடிடா. ஏழிலைப்பாலையில் ஏழும் தனித்தனி இலை, குச்சியைச் சுற்றி வட்டமாக நிற்கும், கிள்ளினால் பால் வடியும். உங்கள் மரத்தில் அந்த ஏழெட்டு விரலும் சேர்ந்ததுதான் ஒரே இலை. கீழே பாருங்கள், நீளக் காம்போடு முழுக் கையாகவே உதிர்ந்து கிடக்கும். இலவம் இளசில் பச்சைத் தண்டும் முள்ளுமாக இருக்கும், இதில் முள் கிடையாது. பின்னால் தேங்காய் ஓடு மாதிரி கெட்டியான சிவப்புக் காய் பிளந்து உள்ளே கறுப்பு விதை தெரிந்தால் முடிவே பண்ணிக்கொள்ளலாம். பூ கொட்டி முடிந்ததும் நாற்றம் போய்விடும். வருஷத்தில் சில வாரம்தான். நல்ல நிழல் மரம், ஆனால் படுக்கையறை ஜன்னல் பக்கம் என்றால் வைத்துக்கொள்வதும் எடுப்பதும் உங்கள் விருப்பம். தொட்டியைத் திரும்பக் காலி செய்ய வேண்டாம்.

பதில்: முத்தியால்பேட்டை

வணக்கம் அக்கா. புதுச்சேரியில் தாவரவியல் பாடம் எடுக்கிறேன். இரண்டாவது மரம் பற்றிச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. அது பாதிரி இல்லை, மரமல்லி. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் இலைகள் எதிரெதிராகத்தான் வரும், அதனால் குழம்புவது சகஜம்.

ஓர் இலை எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். காம்பு குச்சியில் சேர்கிற கக்கத்தில் சின்ன மொட்டு இருந்தால், அங்கிருந்து நுனி வரை ஒரே இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இப்படிப் பார்த்தால், மரமல்லியில் நடுக்காம்பு கிளை பிரிந்து, அந்தக் கிளையில்தான் சிற்றிலைகள் இருக்கும். பாதிரியில் ஒரே நடுக்காம்பு, அதன் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகப் பெரிய சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று. பெரும்பாலும் ஏழோ ஒன்பதோ இருக்கும்.

பூவும் காலமும் பொருந்தவில்லை. மழைக்காலத்தில் நீளக் குழாயோடு வெள்ளையாகப் பூத்து, ராத்திரி மணந்து, விடியும்போது தரையில் கிடப்பது மரமல்லி. பாதிரி வெயில் காலத்துப் பூ. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் அப்பா போன் செய்தார் என்று. நிறமும் வெள்ளை இல்லை, மங்கின செந்நிறம். இன்னொரு சந்தேகமும் எழலாம் என்பதால் சொல்கிறேன், மஞ்சளாகப் பூக்கிற பாதிரி வகையும் உண்டு.

மரமல்லியின் கட்டை எளிதில் முறியும். வீட்டின் மேல் சாய்ந்த கிளை இருந்தால் ஐப்பசிக்கு முன் கழித்துவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம்.

பதில்: வண்டிப்பாளையம் வீடு

இலையை ஒடித்தேன், பால் வந்தது. அரளிதான். காய் 23 பொறுக்கிப் புதைத்தாயிற்று, செடியையும் நாளைக்கு எடுக்கிறோம். செம்மண்காரன் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பேரன் அடுத்த வாரம் வருகிறான்.

முத்தியால்பேட்டை தம்பி சொன்னபடி நெட்டை மரத்தின் இலையையும் பார்த்தேன். நடுக்காம்பு கிளை பிரிகிறது. மரமல்லிதான். அப்போது அப்பாவின் பாதிரி புயலோடு போனது போனதுதான். மேஸ்திரியிடம் கிணற்றடியைச் சுத்தம் செய்து வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன்.

பதில்: கெடிலக்கரை

தாயி, மேஸ்திரியை நிறுத்துங்க. கிணத்தடிப் புதரைப் பத்தி யாருமே பேசலையே.

களைக்கு வருஷா வருஷம் வெட்டு வாங்கி, வெட்டின இடத்திலேயே திரும்ப எழும்புற வேகம் வராது. கீழே பெரிய வேர் இருக்கணும். புயல்ல விழுந்த மரமா இருந்தா தூரை யாரும் தோண்டி எடுத்திருக்க மாட்டாங்க. அந்த வருஷம் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பா விழுந்துது, அறுத்த அடிமரத்துல இருந்து எத்தனையோ பலா மறுபடி தழைச்சதை நான் பார்த்திருக்கேன்.

இலை சொரசொரப்பு, ஓரம் ரம்பம்னு எழுதியிருக்கீங்க. பாதிரி இளந்தளிர்ல ரோமம் இருக்கும், புதுசா வர்ற கொழுந்துக்கு ஓரத்துல பல்லும் இருக்கும். மரம் முத்தினா பல்லு மறைஞ்சு ஓரம் வழவழன்னு ஆயிடும். அதனால பெரிய மரத்து இலையோட ஒப்பிட்டா வேற மரம் மாதிரி தெரியும், ஏமாந்துடாதீங்க. இலை எதிரெதிரா வருதா, ஒரே நடுக்காம்பா, நுனியில ஒத்தையா ஒண்ணு இருக்கா, இதைத்தான் பார்க்கணும்.

மண்வெட்டி வேண்டாம், கையால மண்ணைத் தள்ளிப் பாருங்க. அப்புறம் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடங்க. தல மரம் பாதிரி. பறிக்கக் கூடாது, உதிர்ந்தது கிடைச்சா ஒண்ணு எடுத்துட்டு வாங்க.

பதில்: வண்டிப்பாளையம் வீடு

நாலு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும்.

அன்றைக்கே வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினோம். ஒரு சாண் ஆழத்தில் கட்டை தட்டுப்பட்டது. மேல்பக்கம் தட்டையாக, ரம்பம் போட்டு அறுத்த வெட்டு. நடுவில் உளுத்துப்போய் விரல் உள்ளே போகிறது, ஓரம் மட்டும் கல் மாதிரி இருக்கிறது. அந்த ஓரத்திலிருந்துதான் பதினோரு குச்சி சுற்றிலும் கிளம்பியிருக்கிறது.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். உதிர்ந்த இலை ஒன்று காய்ந்தும் காயாமலும் கிடைத்தது. சுவாமியைப் பார்த்துவிட்டு அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து கிணற்றடியில் வைத்துப் பார்த்தேன். கோயில் இலையில் ஓரம் வழவழப்பு, எங்களுடையதில் பல். அளவும் எங்களுடையது பெரிசு. ஆனால் இரண்டிலும் சிற்றிலை ஏழு, நுனியில் ஒற்றை, அந்த ஒற்றை இலையின் கடைசி சட்டென்று கூராக முடிகிற விதமும் ஒன்றுதான். பின்பக்கம் நரம்பைக் கட்டைவிரலால் தடவினேன், இரண்டிலும் அதே ரோமம். ஏழாவது இலை வரை எண்ணி முடிப்பதற்குள் கண் மறைத்துவிட்டது.

அந்தக் கட்டையின் மேல் தினமும் துணி துவைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழிவறையை வடக்கே எட்டடி தள்ளிக் கட்டச் சொல்லியாயிற்று. மேஸ்திரி ஒத்துக்கொண்டார். பதினோரு குச்சியையும் விடலாமா, ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டணுமா?

பதில்: முத்தியால்பேட்டை

அக்கா, படித்துவிட்டு வகுப்புக்குப் போக நேரமாகிவிட்டது எனக்கு. பூக்கிற வருஷம் இலையோடு ஒரு பூங்கொத்தை எடுத்து, செய்தித்தாள் நடுவே வைத்துக் கனமான பலகையால் அழுத்திக் காயவிடுங்கள். தேதி, இடம், பூவின் நிறம் எழுதி வையுங்கள், காய்ந்தால் நிறம் மாறிவிடும். 1955-இல் தொடங்கின புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, அங்கே கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செந்நிறப் பாதிரியா மஞ்சள் பாதிரியா என்று பூதான் சொல்லும்.

பதில்: கெடிலக்கரை

ரொம்ப சந்தோஷம் தாயி.

ஒரேயடியா ஒண்ணை மட்டும் விடாதீங்க. தூருல ஒட்டிக்கிட்டு வர்ற குச்சிக்கு முதல்ல பிடிமானம் குறைச்சல், காத்துல பிளந்துடும். மண்ணு மட்டத்துக்குக் கீழே இருந்து கிளம்பினதா, நேரா நிக்கிறதா மூணு பார்த்து விடுங்க. உளுத்த நடுக்கட்டைக்கு மேல இருந்து வர்றது வேண்டாம், சீக்கிரம் சாயும். மத்த எட்டையும் கூர் அரிவாளால மண்ணோட ஒட்டி வெட்டுங்க, பிய்க்காதீங்க. ஐப்பசி மழையும் காத்தும் ஒரு தடவை தாண்டினப்புறம் மூணுல எது நல்லா நிக்குதோ அதை வெச்சுக்கிட்டு ரெண்டை எடுங்க.

சோப்புத் தண்ணி வேண்டாம். சிமெண்ட் கலக்கிற தண்ணியும் அந்தப் பக்கம் ஓடக்கூடாது, வாய்க்கால் மாத்தி விடச் சொல்லுங்க. கிணறு சுத்தம் பண்றவர்கிட்ட சொல்லிட்டீங்களா? முதல்ல அவருக்குச் சொல்லுங்க.