மறு: ‘லீ ஷோர்’ என்பதற்குத் தமிழ் – தள்ளுகரை எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘லீ ஷோர்’ (lee shore) என்ற ஆங்கிலக் கடற்சொல்லுக்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். மறைவுக்கரை, கீழ்க்காற்றுக்கரை, ஒதுங்குகரை, தட்டுகரை, அபாயக்கரை. இவற்றில் ஒன்றுக்கு வாக்களிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஐந்திலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் கயாக், சிறு பாய்ப்படகு, அவுட்போர்டு படகு ஓட்டிப் பழக வருகிறவர்களுக்காகத் தயாராகும் கையேட்டில் இந்தச் சொல் இடம்பெறப் போகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார். அங்கே போன பிறகு நம்மிடம் விளக்கம் கேட்க முடியாது.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். நீங்கள் படகில் இருக்கிறீர்கள். காற்று எந்தப் பக்கமாகப் போகிறதோ அந்தப் பக்கம் கரை இருந்தால் அதுதான் ‘லீ ஷோர்’. இன்ஜின் நின்றுவிட்டாலோ பாய் கிழிந்துவிட்டாலோ படகு நின்ற இடத்தில் நிற்காது. காற்று அதை மெல்ல மெல்ல அந்தக் கரைக்குக் கொண்டுபோகும். கரையை நெருங்க நெருங்கத் தண்ணீர் குறையும், அலை எழுந்து உடையும், படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பும். ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் நகர்ந்தால்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர். கரை 300 மீட்டரில் இருந்தால் உங்கள் கையில் இருப்பது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். இன்ஜினைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால் நங்கூரத்தை இறக்க வேண்டும், அதுவும் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து. பின்பக்கம் கட்டினால் அலை ஏறி உள்ளே கொட்டும். கயிறு, ஆழமும் அணியத்தின் உயரமும் சேர்ந்த அளவைப் போல ஐந்து மடங்காவது போக வேண்டும், காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு. தண்ணீர் 4 மீட்டர், அணியம் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் என்றால் கயிறு குறைந்தது 25 மீட்டர். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்பதைக் கிளம்பும்போதே பார்த்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒருவர் நினைவுக்கு உடனே வர வேண்டுமானால், ‘இப்போது எனக்கு எந்தக் கரை லீ ஷோர்?’ என்ற கேள்வி படகு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மனதில் இருக்க வேண்டும். நாம் தேடுவது அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான சொல்.

இதில் ஒரு சிக்கல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘லீ’ என்று தனியாகச் சொன்னால் காற்று படாத மறைவான இடம். ஒரு தீவின் ‘லீ’யில் நங்கூரமிடு என்றால் பத்திரமான இடத்தில் நில் என்று பொருள். ‘லீ ஷோர்’ என்றால் விலகிப் போ என்று பொருள். தீவிலிருந்து பார்க்கிறோமா, படகிலிருந்து பார்க்கிறோமா என்பதுதான் வேறுபாடு. தீவுக்குக் காற்று வந்து மோதும் பக்கம் எதுவோ, அதற்கு வெளியே நிற்கும் படகுக்கு அதே பக்கம்தான் ‘லீ ஷோர்’. ஆங்கிலத்தில் படிக்கிறவர்களும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அந்தத் தடுக்கலையும் சேர்த்து நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

‘மறைவுக்கரை’ இருப்பதிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது. ‘லீ’ என்பதற்கு மறைவு என்று அகராதியில் இருப்பதை எடுத்து அப்படியே ஒட்டியதால் வந்த சொல் இது. படிக்கிறவர் அங்கே பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைத்து அந்தக் கரையை நோக்கித் திருப்புவார். பொருள் நேர் எதிராகிவிடுகிறது.

‘கீழ்க்காற்றுக்கரை’ சொல்லாக்க முறைப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு. கீழைக்காற்று என்றாலே கிழக்கிலிருந்து வரும் கொண்டல்தான் நினைவுக்கு வரும். போதாததற்குக் கீழக்கரை என்று ஒரு பெரிய ஊரே இதே கடற்கரையில் இருக்கிறது. ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் ‘கீழ்க்காற்றுக்கரைக்குப் போகிறோம், உதவி வேண்டும்’ என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். படகு கீழக்கரைக்குப் பக்கத்தில் இருப்பதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

‘ஒதுங்குகரை’ அழகான சொல். ‘படகு கரை ஒதுங்கியது’ என்று செய்தித்தாளில் வருவதை வைத்து நண்பர் முன்வைத்திருக்கிறார். ஆனால் மழைக்கு ஒதுங்குவதும் ஒதுங்குவதுதானே. காற்றுக்கு ஒதுங்கி நிற்கும் கரை என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘லீ’ செய்த குழப்பத்தையே ஒதுங்குதலும் செய்கிறது.

‘தட்டுகரை’ தரைதட்டுதலிலிருந்து வந்தது. அது கடைசியில் நடப்பது. நாம் பெயர் வைக்க நினைப்பது அதற்கு வெகுநேரம் முன்னால் இருக்கும் நிலைக்கு. படகு தட்டாமலே நாள் முழுக்க ஒரு ‘லீ ஷோர்’ ஓரமாகப் போய் வரலாம்.

‘அபாயக்கரை’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கட்டும் என்ற அக்கறையில் ஒருவர் தந்தது, அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எந்தப் படகு என்பதைப் பொறுத்து அபாயம் இடம் மாறும். தெற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் ராமேசுவரத்தின் வடகரைக்கு, ஓலைக்குடா பக்கம், போய்ப் பாருங்கள். காற்று நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கயாக்கில் புதிதாக உட்கார்ந்தவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். துடுப்பை லேசாகப் போட்டாலே ஓடுகிறது. ஆனால் ஓடவைப்பது அவர் கை இல்லை, முதுகில் அடிக்கும் காற்று. சற்றுத் தூரம் போனதும் நிலத்தின் மறைவு தீர்ந்துவிடும், அலை எழும், திரும்பினால் முகத்தில் காற்று. துடுப்பு போட்டும் கரை கிட்டே வராது. எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தால் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லை. அவருக்கு அந்த நேரத்தில் காற்று கரைக்குத் தள்ளியிருந்தால் எவ்வளவோ நல்லது, மணலில் போய் இறங்கியிருப்பார். ஆகவே கயாக்காரருக்கும் அவுட்போர்டு படகுக்காரருக்கும் ஒரே கரை ஒரே அளவு அபாயம் இல்லை. சொல் காற்றும் கரையும் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லட்டும். அபாயம் எவ்வளவு என்பதைப் படகோட்டி முடிவு செய்யட்டும்.

என் பரிந்துரை: தள்ளுகரை. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும் கரை.

இலக்கணத்தில் இடிக்கிறது, கரையா தள்ளுகிறது என்று சிலர் கேட்கலாம். வினைத்தொகையில் பெயர் எப்போதும் வினையைச் செய்பவராக இருக்க வேண்டியதில்லை. ஆடுகளம் ஆடுவதில்லை, அதில் ஆடுகிறார்கள். ஓடுபாதை ஓடுவதில்லை, விமானம் அதில் ஓடுகிறது. குடிநீர் குடிப்பதில்லை. அதே வழியில் தள்ளுகரையும் நிற்கும். முதல்முறை வரும் இடத்தில் ‘காற்றுத் தள்ளுகரை’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, அது படகில் உட்கார்ந்து பார்க்கிறது என்பது. தீவிலிருந்து பார்க்கவே முடியாது, ஏனென்றால் தீவை யாரும் தள்ளுவதில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் தானாகவே விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, இது இடத்தோடு ஒட்டாமல் காற்றோடு ஒட்டிய சொல். நம் கடற்கரைக்கு இது மிகவும் தேவை. மண்டபம் முனையும் ராமேசுவரம் தீவும் இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கும் மெல்லிய நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போகிற எல்லாரும் ஆண்கடல், பெண்கடல் என்று கேட்டிருப்பார்கள். தெற்கே இருப்பது ஆண்கடல், வடக்கே இருப்பது அமைதியான பெண்கடல். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் கச்சானும் சோழகமும் அடிக்கும் காலத்தில் இது சரி. ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடை எழுந்ததும் வடகடல்தான் கொதிக்கும், தென்கரையோரம் அடங்கிவிடும். பெண்கடல் எப்போதும் சாது என்று நம்பி மார்கழியில் வடக்கே படகு இறக்குகிறவருக்கு, இன்று தள்ளுகரை எது என்று கேட்கப் பழக்கியிருந்தால் அந்த நம்பிக்கை அப்போதே கலைந்திருக்கும். ஒரே நாளிலும் மாறும். காலையில் நிலக்காற்று லேசாக இருக்கும்போது தென்கரையிலிருந்து கிளம்புகிறோம். மதியம் கடற்காற்று ஏறியதும் நாம் கிளம்பிய அதே கரை தள்ளுகரையாகிவிடுகிறது.

தென்கடலில் தள்ளுகரை என்றால் மணற்கரை மட்டும் இல்லை என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் போகக் கூடாத இடம். இன்ஜின் நின்ற படகு அங்கே போய் ஏறினால் படகின் அடி மட்டும் உடைவதில்லை, வளர எத்தனையோ ஆண்டுகள் எடுத்த பவளமும் உடைகிறது. கட்டாயம் வந்து நங்கூரம் போட வேண்டியிருந்தாலும் மணல் தெரியும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் தள்ளுகரையிலிருந்து முன்கூட்டியே தள்ளி நிற்க வேண்டும்.

இதே வேரிலிருந்து மற்ற சொற்களும் சுலபமாகக் கிளைக்கின்றன. காற்று வரும் பக்கம் காற்றுப்பக்கம், அது போகும் பக்கம் தள்ளுபக்கம். ‘லீவே’ என்று சொல்லும் பக்கவாட்டு நகர்வு காற்றுத்தள்ளல். நீரோட்டத்தால் நகர்வது நீரிழுப்பு. காற்று தள்ளுகிறது, நீர் இழுக்கிறது. இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்தால் வரைபடத்தில் கோடு போடும்போதும் தெளிவு இருக்கும். பாம்பன் பாலத்துக்கு அடியில் இது வெறும் கணக்கு இல்லை. அங்கே நீரிழுப்பு ஒரு பக்கமும் காற்றுத்தள்ளல் இன்னொரு பக்கமும் இருக்கும்போது தூணுக்கும் படகுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். கூட்டிப் பார்க்கக் கருவி வேண்டாம். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளை, ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு செல்போன் கோபுரத்தையும், நேராக வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். இரண்டும் விலக ஆரம்பித்தால் படகு நகர்கிறது. எந்தப் பக்கம் விலகுகின்றன என்பதை வைத்து எங்கே போகிறோம் என்றும் சொல்லிவிடலாம். மறைவான இடத்துக்குக் காற்றுமறைவு என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே ‘லீ’ செய்யும் இரண்டு வேலையைத் தமிழில் மறைவும் தள்ளலும் பங்கிட்டுக்கொள்ளும்.

சில வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்.

‘தள்ளுகரைக்கு அருகே நங்கூரமிட்டுத் தூங்காதே.’

‘மதியத்துக்கு மேல் காற்று தெற்கிலிருந்து வீசும். குந்துகால் கரை தள்ளுகரையாகிவிடும். அதற்குள் கரையேறிவிடு.’

‘இன்ஜின் நின்றுவிட்டது, தள்ளுகரை அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது, நங்கூரம் பிடிக்கவில்லை.’

மூன்றாவது வாக்கியத்தை 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணுக்கு அழைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லைக் கேள்விப்படாத ஒருவருக்கும் காற்று தள்ளுகிறது, கரை பக்கத்தில் இருக்கிறது என்ற இரண்டு செய்தியும் போய்விடும். ஒரு கலைச்சொல்லிடம் இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

தள்ளுவண்டி, தள்ளுமுள்ளு, தள்ளுபடி என்று பேச்சுத் தொனி அடிக்கிறதே என்று தயங்குகிறவர்கள் இருக்கலாம். கடலில் பயன்படும் சொல்லுக்கு அந்தத் தொனி நல்லது என்றுதான் நினைக்கிறேன். வாடை, கொண்டல், கச்சான், அணியம், சுக்கான், பார் எல்லாம் வாயில் புழங்கியே நிலைத்த சொற்கள். அவற்றின் வரிசையில் வேற்றாள் மாதிரி தெரியாத சொல்லாக இருக்க வேண்டும்.

இன்னும் முடிவாகாதது ஒன்று இருக்கிறது. காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும் எதிர்நிலைக்கு என்ன சொல்வது? மறைவுக்கரை என்ற சொல்லை அங்கே பயன்படுத்தலாம், நியாயமாகப் பொருந்தும். ஆனால் ஓலைக்குடா உதாரணத்தை நினைத்தால் கயாக்காரரை அது ஏமாற்றிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. படகைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போவதால் ‘விலக்குகரை’ எனலாமா? தள்ளுகரையோடு ஜோடியாகவும் நிற்கும். நாகை, குமரிப் பக்கத்து நண்பர்கள் தங்கள் கரையில் இதற்கு வழக்குச்சொல் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு அதையே கையேட்டில் போட்டுவிடலாம். வாடை தொடங்குவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும், அதனால் புரட்டாசிக்குள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து