எண்பதுகளின் திரைப்பாடல்கள் உண்மையிலேயே நல்லவையா, அல்லது பழகிய காதின் பாசமா?

நாடா85 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 1998இல் பிறந்தவன். பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, அப்பா கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட் ஒன்று கிடைத்தது. நாடா தளர்ந்திருந்ததால் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கி, பக்கத்து வீட்டிலிருந்து டேப்ரெக்கார்டர் இரவல் வாங்கி, இரண்டு பக்கங்களையும் முழுமையாகக் கேட்டேன். முதல் பக்கத்தில் ஏழு பாடல்கள், மறுபக்கத்தில் ஆறு. அட்டையில் அப்பாவின் கையெழுத்து நீல மையில் இன்னும் மங்காமல் இருக்கிறது.

அந்தப் பதின்மூன்றில் ஐந்து பாடல்கள் நான் சிறுவயது முதல் கேட்டு வருபவை. அவற்றைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. எஞ்சிய எட்டையும் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவற்றில் மூன்றைச் சகித்துக்கொள்ளவே முடியவில்லை, ஒன்றைக் கேட்டு அப்பாவே "இதை எதற்குப் பதிந்தேன்?" என்று சிரித்துவிட்டார். ஆனாலும் சித்தப்பாவும் அவரும் சேர்ந்துவிட்டால், தமிழ்ப் பாட்டு 1989 டிசம்பரோடு முடிந்துவிட்டது என்ற ஒரே தீர்ப்புதான் வரும்.

வடிகட்டி மிஞ்சிய நல்ல பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பத்தாண்டையே பொற்காலம் என்கிறோமோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. "அந்தப் பாட்டைக் கேட்டால் அழுகை வரும்" என்பது எனக்கு விடையாகாது. இசையாகவே அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, உங்கள் ஐயம் நியாயமானது. நான் 1983 முதல் பதினோரு ஆண்டுகள் திருநெல்வேலி வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். கல்யாண வரவேற்பும் கோயில் கொடை விழாவும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆகவே அந்தப் பாடல்களை ரசிகனாகக் கேட்டதைவிட, ஒவ்வொரு சுரமாகப் பிரித்து எடுக்க வேண்டிய கட்டாயத்தில் கேட்டதே அதிகம். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1980இல் வந்த 'மூடுபனி' இளையராஜாவுக்கு நூறாவது படம். முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976இல். நான்கைந்து ஆண்டுகளில் நூறு படங்கள் என்றால், ஏனோதானோ என்று செய்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாடலை எடுத்துக்கொண்டு, யேசுதாஸின் குரலை மறந்துவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அதுவரை எங்கள் ஊர்க் குழுக்களில் பேஸ் என்றால் தாளத்துக்கு ஒத்தாசையாக டும் டும் என்று இரண்டு தந்திகளைத் தட்டுவதுதான். இங்கோ அது பாடகர் பாடும் மெட்டோடு ஒட்டாமல், தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது. பாடகர் நிறுத்தும் இடத்தில் இது பேசுகிறது, அவர் பேசும்போது இது அடங்குகிறது. அதைக் காதால் கேட்டு எடுக்க எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. ஒரு வரியை எடுப்பதற்குள் பத்து முறை நாடாவைப் பின்னோட்ட வேண்டியிருந்ததில், அந்தக் கேசட்டின் குறிப்பிட்ட இடமே தேய்ந்து சத்தம் மங்கிவிட்டது.

அடுத்தது இடையிசை. முதல் சரணத்துக்கு முன் வருவதும் இரண்டாம் சரணத்துக்கு முன் வருவதும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். கச்சேரி நடத்துகிறவனுக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டின் பாடம் ஏற வேண்டும். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா பொழிகிறது' 1982இல் வந்தது. அதன் தொடக்கக் கிட்டாரைச் சுத்தமாக வாசிக்கத் தெரிந்தவனைத்தான் எங்கள் வட்டாரத்தில் கிட்டார்காரன் என்று ஒப்புக்கொள்வார்கள். மேடையில் அதில் இடறினால் கூட்டத்துக்குத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. சங்கீதம் கற்காத கூட்டம் ஒரு முன்னிசையைச் சுரம் பிசகாமல் எதிர்பார்த்தது.

அன்று பெரும்பாலான பாடல்களில் வயலின் குழுவும் தபலாவும் புல்லாங்குழலும் பாடகரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்த குறிப்பைத் தத்தம் நோட்டில் படியெடுத்து, ஒத்திகை பார்த்து, அன்றைய கால்ஷீட்டுக்குள் பதிவை முடித்துவிட வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கூட்டுமூச்சு பதிவில் கேட்கிறது என்பது என் துணிபு.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 'பனிவிழும் மலர்வனம்' சலநாட்டை ராகத்தில் அமைந்தது. கச்சேரிகளிலேயே அரிதாகப் பாடப்படும் விவாதி மேளம், அதாவது ஒன்றோடொன்று உரசும் சுரங்கள் கொண்ட ராகம் அது. அதைத் தேநீர்க் கடை வானொலிக்கு ஏற்ற காதல் பாட்டாக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

தத்தகாரம் எழுதியது:

கீழ்ஸ்தாயி ஐயா சொன்னவற்றில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி பத்தாண்டைப் பற்றியது, அவரோ ஒரே இசையமைப்பாளரைப் பற்றி விடை சொல்லியிருக்கிறார். ஒருவர் மேதை என்பதால் காலமே மேன்மை பெற்றுவிடுமா?

என் குறை சொல்லில் இருக்கிறது. மெட்டு முதலில் பிறந்து, அதன் 'தன்னனன்னா'வுக்குள் சொல்லை நிரப்பும் முறை கண்ணதாசன் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேல் படங்கள் வந்து குவிந்தபோது, தத்தகாரத்தை எப்படியாவது அடைத்தால் போதும் என்ற நிலை வந்தது. வாடைக்காற்றும் வாலிப நெஞ்சும் தேனும் மானும் மீண்டும் மீண்டும் அதே வரிசையில் நிற்கும் பாடல்களை எடுத்து ஒன்றின் சரணத்தை மற்றொன்றில் வைத்தால், எழுதியவருக்கே வேறுபாடு தெரிந்திருக்குமா என்பது ஐயம். இரட்டைப் பொருள் பாடல்களை நான் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புத்தாண்டு தோறும் ஒலிக்கும் 'இளமை இதோ இதோ' இடம்பெற்ற அதே 'சகலகலா வல்லவ'னில்தான் 'நேத்து ராத்திரி யம்மா'வும் இருக்கிறது. அன்று இரண்டும் ஒரே கேசட்டில்தான் விற்றன.

ஒலிப்பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978இல் 'பிரியா' ஸ்டீரியோவில் பதிவான பிறகும், பெரும்பாலான திரையரங்குகளில் ஒலி ஒற்றைத் தடத்தில்தான் வந்தது. ஐயா நான்கு நாள் தேடி எடுத்த பேஸ் கிட்டார், சாதாரண ரசிகனின் ஒற்றை ஸ்பீக்கரில் ஒரு முனகலாகத்தான் கேட்டிருக்கும்.

இன்னொரு பக்கம், நாம் மறந்தவர்களை நினைக்கும்போது எனக்கே என் வாதம் சற்று ஆட்டம் காண்கிறது. டி. ராஜேந்தர் 1980இல் 'ஒருதலை ராக'த்துக்குத் தாமே பாட்டெழுதி மெட்டமைத்து, பெரிய பெயர்கள் எதுவும் இல்லாத ஒரு படத்தைப் பாடல்களாலேயே ஊர் ஊராக நடக்கவைத்தார். 'மனிதன்' படத்தில் சந்திரபோஸ் இசையமைத்த 'வானத்தைப் பார்த்தேன்' பாடலில் வைரமுத்து எழுதிய வரிகள், மெட்டுக்குள் சிக்கியும் மூச்சு விடுகின்றன. எம்.எஸ்.விஸ்வநாதனும் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் 'சிப்பி இருக்குது முத்தும் இருக்குது' என்று, மெட்டுக்குச் சொல் பிறக்கும் விளையாட்டையே பாட்டாக்கிக் காட்டியிருக்கிறார். பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இவற்றையெல்லாம் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பதே என் மனத்தாங்கல்.

கொக்குவிலான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வேறு அனுபவம். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். அண்ணை களைத்துப்போனால் சுழற்சி குறையும், எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் மெல்லத் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகும். "சுத்து, சுத்து" என்று கத்துவோம். குரல் மறுபடி எழும்பிச் சரியான சுருதிக்கு வரும்.

புதுப் பாட்டுகள் வந்து சேர நெடுநாள் பிடித்ததால், கையில் இருந்த எண்பதுகளின் கசெற்றுகளையே நாங்கள் தொடர்ந்து கேட்டோம். ஆகவே தம்பி கேட்ட 'பழகிய காதின் பாசம்' எனக்கு உண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை வலிக்கச் சுழற்றித்தான் ஒரு பாட்டைக் கேட்க முடியும் என்ற நிலையில், எதற்குச் சுழற்றுவது என்பதில் நாங்கள் மிகவும் கறாராக இருந்தோம். நல்லதென்று அன்று பெயர் பெற்றிருந்த பல பாடல்களை இரண்டாம் முறை கேட்க ஒருவரும் பெடலில் கை வைக்கவில்லை. இளையராஜா இசையமைத்த 'சிந்து பைரவி' படத்தின் கசெற்றுக்கோ ஆள் மாறி ஆள் வந்தார்கள். எங்கள் வீட்டில் சங்கீதம் கற்றவர் அம்மம்மா ஒருவர்தான். 'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டில் நாட்டுப்புற மெட்டு அப்படியே நகர்ந்து தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய் விழும் இடத்தில், அது காம்போதி ராகத்தில் அல்லவா இருக்க வேண்டும், இளையராஜா சாரமதி ராகத்தில் வைத்துவிட்டாரே என்று அவர் ஒவ்வொரு முறையும் குறைப்படுவார். பிறகு, அந்த இடத்தை மறுபடி போடச் சொல்வார்.

சொல்லைப் பற்றி தத்தகாரம் எழுதியதற்கு ஒரு திருத்தம். 'ஊமை விழிகள்' படத்தின் 'தோல்வி நிலையென நினைத்தால்' எங்கள் ஊரில் வெறும் திரைப்பாட்டாகக் கேட்கப்படவில்லை. இசையமைத்த மனோஜ்–கியானின் பெயரை அறியாதவர்களுக்கும் அந்த வரிகள் மனப்பாடம். ஒரு படத்தின் சூழலுக்காக எழுதிய சொல், அந்தப் படத்தைப் பார்த்தே இராதவர்களின் சொந்தச் சொல்லாகியிருக்கிறது.

நாடா85 எழுதியது:

மூவருக்கும் நன்றி. கீழ்ஸ்தாயி ஐயா சொன்னபடி நல்ல ஹெட்போனில் 'என் இனிய பொன் நிலாவே' கேட்டுவிட்டு, அப்பாவின் காதிலும் அதை மாட்டிவிட்டேன். நாற்பது ஆண்டுகளாகத் தனக்குத் தெரிந்த பாட்டில் இப்படி ஒன்று அடியில் ஓடுவதே தெரியாது என்று சொன்னார். தத்தகாரம் சொன்ன ஒற்றை ஸ்பீக்கர் வாதத்துக்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

பிறகு, சகிக்க முடியவில்லை என்று நான் எழுதிய மூன்றையும் மறுபடி போட்டேன். இரண்டைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மூன்றாவதின் சொற்கள் இப்போதும் கொடுமைதான். ஆனால் அதன் இரண்டாம் இடையிசையில் வயலின்கள் ஏறிவந்து, சட்டென்று நின்று, ஒற்றைப் புல்லாங்குழலிடம் பாட்டை ஒப்படைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை மட்டும் நான்கு முறை பின்னோட்டிக் கேட்டேன். அட்டையில் அப்பா எழுதிய பெயர் அந்தப் பாட்டுக்குப் பொருந்தவில்லை; எந்தப் படம் என்று அவருக்கும் நினைவில்லை.

கீழ்ஸ்தாயி எழுதியது:

பல்லவியின் முதல் வரியை இங்கே எழுதுங்கள் தம்பி. எழுதக் கூசினால் அந்த இடையிசையை மட்டும் பதிந்து அனுப்புங்கள். எங்கள் குழு வாசித்த பாடல்களுக்கு நான் குறித்துவைத்த நோட்டுகள் மூன்று இன்னும் இருக்கின்றன. கொடைக் கச்சேரியில் நள்ளிரவுக்கு மேல் இந்த மாதிரிப் பாட்டைத்தான் சீட்டெழுதிக் கேட்பார்கள். பாடுகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாடுவார், நாங்கள் இடையிசைக்காகக் காத்திருப்போம்.