மைக் பிடிச்சாலே கை நடுங்குது, என்ன பண்றது?

அடுத்த வாரம் ஆபீஸ்ல டெமோ, நான்தான் பேசணுமாம். நாலு பேர் முன்னாடி நின்னாலே தொண்டை வறண்டு போய் கையில இருக்கிற பேப்பர் வேற ஆடுது, வழி சொல்லுங்க ப்ளீஸ்

பதில் 1: ப்ரோ, பேப்பருக்கு பதிலா கெட்டி அட்டையில நாலஞ்சு பாயிண்ட் மட்டும் எழுதிக்கோங்க, நடுக்கம் தெரியாது. முதல் ரெண்டு வரி மட்டும் மனப்பாடம் போதும், முழுசா உருப்போட்டா நடுவுல ஒரு வார்த்தை விட்டாலும் மொத்தமும் போச்சு

பதில் 2: டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் (மேடைப்பேச்சு பழகுற இடம்) போய் பாருங்க, 1924ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, சென்னை கோவைல எல்லாம் இருக்கு. டேபிள் டாபிக்ஸ்னு திடீர்னு தலைப்பு குடுத்து ரெண்டு நிமிஷம் பேச விடுவாங்க, நீங்க எத்தனை தடவ 'ஆ... ம்ம்...'னு இழுக்கிறீங்கன்னு எண்றதுக்கே ஒரு ஆள் உக்காந்திருப்பார் (கொடுமைதான், ஆனா பலன் இருக்கு)

பதில் 3: ஒரு வாரத்துல கிளப்புக்கு எங்கங்க போறது 😄 அதே மீட்டிங் ரூம்ல முன்னாடியே சத்தமா பேசிப் பாருங்க. அன்னைக்கு காபி வேணாம், படபடப்பு ஏறும்

கேட்டவர்: அட்டை ஐடியா செம, இன்னைக்கே எழுதிடுறேன்