தம்பியின் மின் சிகரெட்டை எங்கே ஒப்படைப்பது?

நண்பர்களே, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் தம்பி ஒரு மின் சிகரெட்டைக் கொண்டுவந்துவிட்டான். இதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் இந்தியாவில் 2019 முதல் தடை இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. நான்கே மாதத்தில் உப்புக்காற்று பட்டு சார்ஜ் ஏற்றும் துளை பச்சை பூத்துவிட்டது. திரவம் கசிகிறது, இழுத்தால் கருகிய வாடை என்கிறான். நேற்று சார்ஜில் இருந்தபோது தொட முடியாத சூடு. இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா வள்ளத்தில் ஏறினான் என்று எனக்கு நெஞ்சு பதறியது.

பேசிப் பேசி, விட்டுவிடச் சம்மதித்துவிட்டான். உள்ளே லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பையில் போட மனமில்லை, கடலில் எறியவே மாட்டேன். மணல் நிரப்பிய தகர டப்பாவில் வெளியே வைத்திருக்கிறேன். மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ மின்னணுக் கழிவு வாங்கும் இடம் தெரியுமா? நிகோடின் பழக்கத்தை விட்டவர்கள், முதல் வாரத்தை எப்படிக் கடந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். இரவில் தூங்காமல் தவிக்கிறான்.