புதுப்பிப்பு: நூலகத்தில் சக ஊழியர் தொல்லை, குறிப்பேடு பற்றி ஒரு திருத்தம்

சக நூலகர்களின் தொல்லைக்கு ஆளாகிறவர்கள் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று முந்தைய இழையில் சொல்லியிருந்தேன். அது மட்டும் போதாது. எழுதும் விதத்தில்தான் புகார்கள் வலுவிழக்கின்றன.

"அவமதித்தார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர், வேலையில் ஏற்பட்ட பாதிப்பு ஆகிய ஆறும் அன்றன்றே பதிவாக வேண்டும். வாசகர்களின் பெயரோ அவர்கள் எடுத்த நூலோ அதில் வேண்டாம். அந்த ரகசியத்தை மீறினால் புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

நூலகத்தில் தொல்லை பெரும்பாலும் சத்தமாக வராது. மாலைப் பணி ஒருவர் தலையிலேயே விழும். கூட்டத் தகவல் அவருக்கு மட்டும் வராது. அவர் செய்த பட்டியலாக்கத்தை (நூல் விவரப் பதிவுகளை) சொல்லாமல் மாற்றுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆகவே மூன்று மாதப் பணிப்பட்டியலை எடுத்து, யாருக்கு எத்தனை மாலைப் பணி என்று எண்ணி அட்டவணையாக்குங்கள். நூலக மென்பொருளில் மாற்றங்களைக் குறித்து வைக்கும் வசதி இயங்கினால், எந்த நூல் பதிவை யார் எப்போது திருத்தினார் என்பதும் கிடைக்கும்.

பணியிடத் தொல்லையை ஆராய்ந்த ஹெய்ன்ஸ் லேமன், வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது நடந்தால் அது தொல்லை என்று அளவு வைத்தார். அது ஆய்வுக்கான வரையறை. அதுவரை பொறுக்கத் தேவையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை (2019) ஒரே ஒரு முறை நடந்ததையும் துன்புறுத்தலாகக் கணக்கில் கொள்கிறது.

தொல்லை தருபவர் தலைமை நூலகரே என்றால் சமரசப் பேச்சுக்கு உட்காராதீர்கள். அங்கே பலம் சமமில்லை. அவருக்கு மேலுள்ள அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.